வரைபடத்துக்கு வெளியே இருந்த குடிசைகள்

ஐப்பசி 14, வெள்ளி

கா. மப்பு. காற்றே இல்லை. பூஜை லீவு முடிந்து இன்று ஆபீஸ் திறப்பு.

செய்ய வேண்டியவை: இவர் கோட்டுக்கு இரண்டாவது பொத்தான். நல்லெண்ணெய் தீர்ந்தது, ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. மாமியாருக்குக் கடிதம். இவர் கண் விஷயம் எழுதக் கூடாது என்கிறார். வேறு என்ன இருக்கிறது எழுத?

லீவு பூராவும் வைத்தியர் வீடுதான். முதலில் பெஹாலாவில் ஒரு கவிராஜ், நாட்டு வைத்தியர். கண்ணில் விட ஏதோ சாறு கொடுத்தார். எரிந்தது, அவ்வளவுதான். கடைசியில் வெள்ளைக்கார டாக்டர். ஐந்து நிமிஷம் பார்த்தார். படலம் என்றால் அறுத்து எடுக்கலாம், இது படலம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்கிறது என்றார். இப்போது நடுவில் இருட்டு. ஓரத்தில் தெரிகிறது. ஓரமும் மெல்லப் போகும்.

அதாவது எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது. அதற்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். நடக்கலாம், படி ஏறலாம். படிக்க முடியாது.

வெளியே வந்து டிராமுக்கு நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. எதிர் சீட்டில் ஒருத்தி மடியில் பூசணிக்காய் வைத்திருந்தாள். கிதிர்பூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸில் யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷ சர்வீஸ். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்சம் வருஷம் பாக்கி. அதுவரை ஓட்டிவிடலாம் என்கிறார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

இன்று கீழ்வீட்டு மஜும்தார் தாதாவுடன் (இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள்) டிராமில் போனார், அவரோடேயே திரும்பினார். கையில் ஒரு நீளத் தகரக் குழாய்.


ஐப்பசி 15, சனி

வெயில்.

குழாயில் இருந்தது பெரிய மேப். டார்ஜிலிங் போகிற வழியில் ஒரு மலை. அதன் சரிவில் ஒரு கம்பெனி நாற்பது வீடு கட்டப் போகிறதாம், துரைமார் கோடைக்கு வந்து தங்க. நடுவில் பெரிய புல்வெளி, பேண்டு வாசிக்க மேடை, குழந்தைகள் ஓடியாட இடம். மேப்பில் "ஓப்பன் ஸ்பேஸ்" என்று அழகான எழுத்தில் போட்டுப் பச்சை மை பூசியிருக்கிறது.

இந்த மாதிரி பிளான் வந்தால் முதலில் இவர் கைக்குத்தான் வரும். தரை சரியாகக் காட்டியிருக்கிறதா, வடிகால் இருக்கிறதா, சரிவு தாங்குமா என்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு கமிட்டி கூடும். கார்த்திகை 2 செவ்வாய்க்கிழமை கமிட்டி.

ஆபீஸில் வெளிச்சம் போதாது, வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று பரோபாபுவிடம் கேட்டாராம். பரோபாபு இவருக்கு மேலே உள்ள தலைமைக் குமாஸ்தா. சரி என்றுவிட்டார். இவர் வேலையில் இதுவரை ஒரு குற்றம் சொன்னது கிடையாது.

மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் விரித்தோம். நாலு மூலைக்கும் நாலு செங்கல். இவர் குனிந்தார், தலையை வலப் பக்கம் சாய்த்தார், இடப் பக்கம் சாய்த்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கோமதி, நீ பாத்துச் சொல்லு."

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலீஷ் மூன்றாம் புத்தகம் வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பாளையங்கோட்டையில் அதற்கு ஒரு உபயோகமும் இருந்ததில்லை.


ஐப்பசி 16, ஞாயிறு

கா. 6 மணியிலிருந்து மாடியில்.

மேப் முழுக்கப் பழுப்புக் கோடுகள், தலைமயிர் போல. அது என்ன என்று கேட்டேன். ஒரு கோடு முழுக்க ஒரே உயரம் என்று அர்த்தமாம். அந்தக் கோட்டின் மேல் நடந்தால் ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். அடுத்த கோட்டுக்குப் போனால் ஒரு படி மேலே. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. விலகியிருந்தால் சமதரை. ஆபீஸில் கான்டூர் என்று சொல்வது.

கொண்டை ஊசியை வைத்து எண்ணினேன். கண் வலிக்கிறது. வலிக்கிற கண் எனக்கு இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே போய் சோற்றை வடித்தேன்.

கரி அடுப்புப் புகை. சாயங்காலம் ஆனால் இந்த கார்டன் ரீச் சந்து முழுக்கப் புகை, எதிர் வீடு தெரியாது. எல்லாருக்கும்தான் தெரியாது.

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டார். எனக்கும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போதுதான் தெரிந்தது.


ஐப்பசி 19, புதன்

இந்த மலை இவருக்குத் தெரிந்த மலைதானாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்வே பார்ட்டியோடு இரண்டு மாதம் அங்கே இருந்திருக்கிறார். அப்போது நான் ஊரில். டிரங்குப் பெட்டி அடியிலிருந்து அன்றைய நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். பாச்சை அரித்த அட்டை. உள்ளே பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அந்த வயசில் எழுத்து எவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறார்.

பச்சை பூசிய இடத்தில் மேப்பில் எத்தனை கோடு என்று கேட்டார். நாலு. நோட்டில் அதே இடத்தில்? பதினொன்று.

மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணினேன். மூன்றாம் தடவையும்.

நான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்றேன். இல்லை என்றார். அங்கே சமதரையே கிடையாது, ஒரு ஆட்டுக்கல்லை வைத்தால் உருண்டு போகும் என்றார். மலையை வெட்டின பிற்பாடு எப்படி இருக்குமோ அதை வரைந்துவிட்டு, இப்போதே அப்படி இருக்கிற மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் வெட்டுகிற மண் எங்கே போகும்? குழாய்க்குள் இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பார் என்றார். இருந்தது. மலையைக் கத்தியால் அரிந்து பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஒரு படம். அடியில் பொடி எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெட்டிய மண்ணைக் கீழ் ஓரத்தில் தள்ளிவிடுவது.

கீழ் ஓரத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, இரட்டைக் கறுப்புக் கோடு, அதோடு தாள் முடிகிறது என்றேன்.

அப்புறம் சொன்னார். அந்த ஓரத்துக்கு நேர் கீழே கல் உடைக்கிறவர்கள் குடிசை. நேபாளிகள். முப்பது குடிசைக்குக் குறையாது. சர்வேக்குப் போனபோது இவருக்கு விஷக் காய்ச்சல் கண்டு, கூட வந்தவர்கள் விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். ஒன்பது நாள் அந்தக் குடிசை ஒன்றில்தான் கிடந்திருக்கிறார். கல் உடைக்கிறவரும் அவர் பெண்சாதியும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பேர் கூட நினைவில்லையாம்.

இதை எனக்கு எட்டு வருஷமாகச் சொன்னதில்லை.


ஐப்பசி 22, சனி

தூறல். மாடி வேலை இல்லை.

கீழ்வீட்டு பௌதி, தாதாவின் மனைவி, வந்தாள். மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, உன் புருஷனுக்குக் கண் சரியில்லைதானே என்று நேராகவே கேட்டுவிட்டாள். கொடியில் தொங்கின மஜும்தார் தாதா கோட்டைப் பார்த்து இவர் நமஸ்காரம் சொன்னாராம்.

யாரிடமும் சொல்ல மாட்டேன், தாதாவுக்கு முன்னமே தெரியும், டிராமில் இறங்கும்போது பேச்சுக்கொடுத்த மாதிரி முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார் என்றாள். போகும்போது ஒரு கிண்ணம் நாரிகேல் நாடு, தேங்காயும் வெல்லமும். லக்ஷ்மி பூஜைக்குச் செய்ததில் மிச்சம். சாப்பிட்டேன். இனிப்பு என்று தெரிந்தது.


ஐப்பசி 23, ஞாயிறு

குறிப்பில் என்ன எழுதுவது என்று பேச்சு.

"ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கமிட்டி இவரைக் கூப்பிடாது. பிளான் பாஸ் ஆகும். கண்ணும் வெளியே தெரியாது. உள்ளதை எழுதினால் கூப்பிடுவார்கள். மேஜை மேல் மேப்பை விரித்துக் காட்டு என்பார்கள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றேன். உண்மை அதுதான். டாக்டர் வீட்டிலிருந்து வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், கரி போடுகிறேன், கோடு எண்ணுகிறேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ அந்தச் சனங்களப் பாத்ததில்ல. அதான் இப்படிச் சொல்லுத."

"நீங்க மட்டும் இனிமே பாக்கப் போறியளாக்கும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அவர் எழுந்து கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே அந்தக் கோடிக்குப் போய் நின்றார். நதியில் ஒரு கப்பல் ஊதிற்று. நான் மேப்பைச் சுருட்டினேன். ஒரு செங்கல் காலில் விழுந்து நகம் கறுத்துவிட்டது.




ஐப்பசி 24, திங்கள்

நல்ல வெயில். குளிர் ஆரம்பம், கம்பளியை எடுத்து உதற வேண்டும்.

கா. இவர் குளித்துவிட்டு வருவதற்குள் மேஜையில் மைக்கூடு, பேனா, ஆபீஸ் காகிதம் எடுத்து வைத்தேன்.

"சொல்லுங்க, எழுதுதேன்."

எதை என்று கேட்டார். உள்ளதை என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். அந்தக் குடிசைக்காரர்களை நினைத்து இல்லை. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. பதினொன்று என்று மூன்று தடவை எண்ணினவள் நான். நாலு என்று எழுதக் கை வராது. அவ்வளவுதான் காரணம்.

ஆபீஸுக்கு இன்று போகவில்லை, வீட்டு வேலை என்று பரோபாபுவுக்குச் சீட்டு.


ஐப்பசி 26, புதன்

குறிப்பு முடிந்தது. மூன்று பக்கம்.

இங்கிலீஷ் அவருடையது. எழுத்து என்னுடையது, ஆனால் பார்த்தால் அவருடையது. g எழுத்தின் வாலை அவர் இடப்பக்கமாக ஒரே இழுப்பில் விடுவார். பழைய காகிதங்களைப் பார்த்துப் பழகினேன். ஒரு மாதமாகவே சின்னச் சின்னச் சீட்டெல்லாம் நான்தான் எழுதுகிறேன். இன்று யார் எழுதினது என்று எனக்கே சந்தேகம்.

சாரம், எனக்காக:

மேப்பில் காட்டிய தரை இப்போது உள்ள தரை அல்ல. புல்வெளிக்காக வெட்டும் மண் கீழே தள்ளப்படும். கீழே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். மேப் அந்த இடத்துக்கு முன்பே முடிகிறது. பக்கத்து மேப்பை வரவழைத்துப் பார்க்கவும். புல்வெளியைச் சின்னதாக்கி, மண்ணை வேறு பக்கம் கொண்டுபோனால் ஆட்சேபணை இல்லை.

கையெழுத்து மட்டும் அவர் போட்டார். விரலை வைத்து இடம் காட்டினேன். வரி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.


ஐப்பசி 30, ஞாயிறு

பரோபாபு வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. ஒரு பானை சந்தேஷ், இந்த ஊர்ப் பால் இனிப்பு.

காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மிரட்டல் இல்லை, தன்மையாகத்தான் பேசினார். குறிப்பு நல்ல குறிப்பு, ஆனால் கடைசிப் பக்கம் வேண்டாம். தரை பற்றி எழுதியது போதும். குடிசை சமாசாரம் நம் ஆபீஸ் வேலை இல்லை. கம்பெனிக்காரர் கமிட்டித் தலைவரோடு டென்னிஸ் ஆடுகிறவர். பதினெட்டு வருஷம் நல்ல பேர் வாங்கியவர், எதற்கு இதெல்லாம்.

இவர் யோசிக்கிறேன் என்றார்.

ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இவர் இப்போது முகத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் முகம் விழும். பரோபாபு பேசும்போது இவர் சுவரில் உள்ள ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரோபாபுவுக்கு அது எப்படிப் பட்டதோ. போகும்போது குரல் கொஞ்சம் மாறிவிட்டது. ஒளிக்க என்ன இருக்கிறது பிள்ளை என்று இவரைக் கேட்டார்.

அவர் போனதும் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சரி என்றேன்.

சந்தேஷைப் பாதி கீழ்வீட்டுக்கு.


கார்த்திகை 2, செவ்வாய்

கமிட்டி நாள். பனி.

கா. 9-க்கு தாதாவோடு போனார். கோட்டுப் பொத்தான் இன்றுதான் தைத்தேன்.

அவர் போனபின் நான் செய்தது: கம்பளி உதறினது. அரிசி புடைத்தது. விளக்குக் கண்ணாடி மூன்று தடவை துடைத்தது. மாமியார் கடிதம் நாலு வரி, பிறகு நிறுத்தம். பௌதி வந்து உட்கார்ந்தாள், உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மா. 3-க்கே வந்துவிட்டார்கள். தாதா வாசலோடு போய்விட்டார். இவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், ஆணியைத் தடவிப் பார்த்து. உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அப்புறம் நான் கேட்காமலே எல்லாம் சொன்னார். சொன்னபடி எழுதுகிறேன்.

பெரிய மேஜை. ஆறேழு பேர். தலைவர் துரை குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் தரை பற்றிக் கேட்டாராம். இவர் ஒவ்வொன்றும் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார். தடங்கல் இல்லை. அப்புறம் துரை, பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசு, ஜன்னலைப் பார்க்காதே என்றாராம். இவர் நேராகப் பார்த்தார். துரை மறைந்துபோனார். சாம்பல் பூசின மாதிரி ஒரு வட்டம், அதிலிருந்து குரல் மட்டும் வந்தது என்றார்.

பிறகு கம்பெனி என்ஜினீயர், குடிசை குடிசை என்கிறாரே, எங்கே இருக்கிறது, மேப்பில் காட்டட்டும் என்றாராம்.

இவர் மேஜைக்குப் பக்கத்தில் போனார். பச்சை நிறம் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதிலிருந்து கீழே கையை நகர்த்திக்கொண்டே போய் விரலை வைத்தார். விரலுக்குத் தாள் படவில்லை. மரம், சில்லென்று. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என்ஜினீயர், ஐயா விரலை மேஜையில் வைத்திருக்கிறீர் என்றார்.

இவர் சொன்னாராம்:

"ஆமா சார். அங்கனதான் இருக்காங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ பேனாவைக் கீழே வைத்த சத்தம்.

வேண்டுமென்றுதான் அங்கே வைத்தீர்களா, தெரியாமல் வைத்தீர்களா என்று நான் கேட்டேன். யோசித்தார். வைக்கும்போது தெரியவில்லை, வைத்த பிறகு சரியான இடம் அதுதான் என்று தெரிந்தது என்றார்.

அந்த என்ஜினீயர் புத்திசாலி. ஒரு கடுதாசியை இவர் கையில் கொடுத்து இதைக் கொஞ்சம் வாசியும் என்றிருக்கிறார். இவர் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு, எனக்குப் படிக்கக் கண் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் மேப்பை யார் பார்த்தது? என் வீட்டுக்காரி. குறிப்பை யார் எழுதியது? நான் சொன்னேன், அவள் எழுதினாள்.

பரோபாபு அந்த அறையில்தான் இருந்தார். இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் தாதாவுக்காகக் காத்திருந்தார்.

சொல்லி முடித்துவிட்டு, "தப்பு செஞ்சிட்டனா கோமதி?" என்றார்.

சாப்பிடுங்க என்றேன். உருளைக்கிழங்குக் கறி வைத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.


கார்த்திகை 3, புதன்

ஆபீஸ் போகவில்லை. வரச் சொல்லியும் ஆள் வரவில்லை. பகல் முழுக்கத் தூங்கினார். இவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

வெயிலில் வற்றல் காயப்போட்டேன். காக்காய் தொல்லை.


கார்த்திகை 5, வெள்ளி

மா. பரோபாபு. உள்ளே வரமாட்டேன் என்றார், பிறகு வந்தார். என்னையும் அங்கேயே இருக்கச் சொன்னார். முதல் தடவையாக என்னிடம் பேசினார். கோடுகளை எண்ணியது நீங்கள்தானா அம்மா என்றார். ஆமாம் என்றேன். தலைவர் துரை மறுநாளே பக்கத்து மேப்பை ரிக்கார்டு ரூமிலிருந்து எடுத்துவரச் சொன்னாராம். குடிசைகள் அதில் இருக்கின்றன. அந்த இடத்தின் பழைய சர்வே மேப்பில் கோடுகளையும் வேறு ஆளை வைத்து எண்ணினார்களாம். பதினொன்றுதான்.

அப்போது எனக்குள் ஏதோ அசைந்தது. சந்தோஷமா என்று தெரியாது.

கமிட்டி முடிவின் நகல் கொண்டுவந்திருந்தார். கொடுக்கக் கூடாது, ஆனாலும் என்றார். இவர் விஷயம் ஒரு தனிச் சீட்டில்: கண் காரணமாக வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் ஏதோ கொஞ்சம் வரும். பரோபாபு அதற்குத் தானே எழுதிப் பார்க்கிறேன் என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் போனதும் நகலை இவருக்கு வாசித்தேன். குறிப்பில் கண்டது உண்மை என்று முதலில் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிறகு: புல்வெளி ஆரோக்கியத்துக்கு அவசியமானதால் பிளானில் கண்டபடியே இருக்கலாம். மண் தள்ளும் பகுதியில் உள்ள குடிசைகளை அடுத்த மழைக்கு முன் அப்புறப்படுத்திவிட வேண்டும். மேற்படி நிபந்தனையுடன் பிளான் அங்கீகரிக்கப்படுகிறது.

அந்த வரியை மறுபடி படி என்றார். படித்தேன்.

"எங்க போகச் சொல்லுதாக?"

"அது எழுதல."

"நல்லாப் பாரு."

பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெறும் காகிதம்.


கார்த்திகை 9, செவ்வாய்

இவர் ஒரு மனு சொன்னார். அந்தக் குடிசைக்காரர்களுக்கு மாற்று இடம் எது என்று குறிப்பிட வேண்டும், அங்கேயுள்ள ஊற்றுக்கு மேல்புறம் காலி நிலம் இருக்கிறது என்று. எழுதினேன். இந்தத் தடவை என் எழுத்திலேயே. என் எழுத்து உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினது போல இருக்கிறது.

தாதா கொண்டுபோய்க் கொடுத்தார். சம்பந்தமில்லாதவர் மனு என்று திருப்பிவிட்டார்கள். சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று சிவப்பு மையில் ஒரு வரி.

சம்பந்தப்பட்டவர்களுக்கு இந்த விஷயமே தெரியாது. தெரிவிக்க வேண்டியது யார் என்று நகலில் தேடினேன். அதுவும் இல்லை.

மாமியாரிடமிருந்து கடிதம். ஐப்பசி போய்விட்டது, ஒரு வரி கூட இல்லையே என்று. இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், கண் உட்பட. தபாலில் போட்டாயிற்று.


கார்த்திகை 11, வியாழன்

குளிர். ஜன்னலுக்கு சாக்கு கட்டியாயிற்று.

இவர் மலைக்குப் போக வேண்டும் என்கிறார். வழி எனக்குக் காலால் தெரியும், படிக்கத்தான் ஆள் வேண்டும் என்றார். நான் வரமாட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல. நான் பெட்டியை இறக்கினேன்.

பௌதி தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்தாள். மலையில் உன் பருத்திச் சேலை ஒன்றுக்கும் உதவாது என்றாள். வீட்டுச் சாவி அவளிடம்.

எடுத்துக்கொள்ள: கமிட்டி முடிவின் நகல். வெள்ளைக் காகிதம், மைக்கூடு. அவல். இவர் மப்ளர். கட்டைவிரல் ரேகைக்கு மைப் பெட்டி, தாதா ஆபீஸிலிருந்து.


கார்த்திகை 15, திங்கள்

மலையில். எழுத விரல் மடங்கவில்லை.

கங்கையில் ஸ்டீமர், பிறகு ரயில், பிறகு பொம்மை ரயில் மாதிரி ஒன்று. அப்புறம் நடை. இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். இரண்டு இடத்தில் நான்தான் தடுக்கினேன்.

குடிசைகள் இருக்கின்றன. புகை. கோழி. கம்பெனி ஆட்கள் முன்னமே வந்து சரிவு முழுக்க முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சிவப்பு வர்ணம் பூசிய முளை. எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முளையில் ஆடு கட்டியிருந்தது.

அன்று காய்ச்சலில் கிடந்தது எந்தக் குடிசை என்று இவரால் சொல்ல முடியவில்லை. மேலே நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தேன், புல்வெளி வரப்போகிற இடம். தலைக்கு மேலே நிற்கிறது. கோடாக எண்ணினபோது இவ்வளவு உயரம் என்று தோன்றவில்லை.

ஒரு பெண், என் வயது இருக்கும், கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் தனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் எல்லாம் சொன்னார். நான் நகலைப் பிரித்து வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்த இடத்தில் இவருக்குப் படித்துச் சொன்னேன். அவள் நிமிர்ந்து இவரையும் பார்க்கவில்லை, காகிதத்தையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எங்கே போவது என்று கேட்டாள். அது எனக்கே புரிந்தது.

எழுதவில்லை, நாங்கள் எழுதிக் கேட்கப் போகிறோம், நீங்கள் எல்லாரும் ரேகை வைக்க வேண்டும் என்றார் இவர். எப்போது போக வேண்டும் என்றாள். மழைக்கு முன்னால்.

அவள் விரலை மடக்கி மாதம் எண்ணினாள். அப்படியானால் ஒரு போகம் கிழங்கு எடுத்துவிடலாம் என்றாள். மற்றவர்கள் கல் உடைக்கப் போயிருக்கிறார்கள், பொழுது சாய வருவார்கள், அப்போது ரேகை வைக்கலாம் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். சும்மா நிற்க முடியாமல் நானும் பாத்தியில் இறங்கிக் குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் பிடுங்கினதெல்லாம் கீரை.